கீபோர்டை மாட்டினால் லேப்டாப், கழற்றினால் டேப்லெட்: இது தேறுமா?

28.10.2012, வாசகர் ஒருவரின் கேள்வி

விண்டோஸ் 8 முந்தாநாள் வந்துவிட்டது. இனி லேப்டாப் தனி, டேப்லெட் தனி என்று இரண்டு சாமான் எதற்கு? கீபோர்டை மாட்டினால் லேப்டாப், கழற்றினால் டேப்லெட். இரண்டே வருடத்தில் ஐபேடையும் லேப்டாப்பையும் இது ஓரங்கட்டிவிடும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்.

28.10.2012, இரவு 10.40

மறுக்கிறேன். காரணத்தோடுதான்.

இதே ஜோசியத்தை 2001 நவம்பரில் பில் கேட்ஸ் சொல்லிவிட்டார். ஐந்து வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி டேப்லெட் பிசிதான் என்றார். மறு வருடமே விண்டோஸ் எக்ஸ்பிக்கு டேப்லெட் பதிப்பு வந்தது. கீபோர்டைக் கழற்றி மாட்டும் காம்பாக் டிசி1000 அப்போதே வந்தது. உங்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? நான் படத்தில்தான் பார்த்தேன்.

ஆப்பிளின் டிம் குக் இந்த ஏப்ரலில் சொன்னது: டோஸ்டரையும் ஃபிரிட்ஜையும் ஒன்றாக்கலாம், ஆனால் வாங்குகிறவருக்கு அது பிடிக்காது. நம் வீடுகளில் டோஸ்டர் ஏது? கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு டேபிள்டாப் கிரைண்டரோடு தேங்காய் துருவியும் மாவு பிசையும் இணைப்பும் கொடுத்தார்கள். அதற்காகத்தான் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினோம். இரண்டும் இப்போது பரணில் கிடக்கின்றன. கழற்றி மாட்டும் எந்தச் சாமானுக்கும் இதே கதிதான்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் இப்போது வந்திருப்பது விண்டோஸ் ஆர்டியில். பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும். ஆனால் நம்மிடம் இருக்கும் பழைய மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியாது. கணக்கு எழுதும் டேலி மென்பொருள் ஓடாது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை எதுவும் ஏறாது. உள்ளே இருக்கும் தமிழ் விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட் என்ற அமைப்பு. தமிழ்99 என்ற வேறு அமைப்பில் பழகிய கைக்கு அது அந்நிய ஊர்.

நான் விருதுநகரில் வரிக்கணக்கு பார்க்கிறவன். ஊரில் 'ஆடிட்டர்' என்பார்கள், நான் சி.ஏ. இல்லை. டேலி ஓடாத கணினி எனக்கு அப்பளக்கட்டைக்குச் சமம்.

29.10.2012, காலை

ஒரு திருத்தம். வீட்டில் இதைப் படித்துவிட்டு எழுதச் சொன்னது: தேங்காய் துருவி பரணில் இல்லையாம், வாரம் மூன்று நாள் ஓடுகிறதாம். மாவு பிசைவது மட்டும்தான் பரணில். 'சமையலறைப் பக்கம் வராதவர்கள் சமையலறை உதாரணம் கொடுக்கக் கூடாது' என்பது கூடுதல் குறிப்பு.

அப்படியானால் என் வாதம் பாதி போச்சு. சரி.

29.10.2012, மாலை

ஆசுஸ் டிரான்ஸ்ஃபார்மரை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறக்கவில்லை. போன வருடம் வந்தது, ஆண்ட்ராய்டு. கீபோர்டுக்குள்ளேயே இன்னொரு பேட்டரி வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் 16 மணி நேரம் தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. யோசனை அருமை. ஆனால் கீபோர்டை மாட்டிய பிறகு திறப்பதற்கு ஆண்ட்ராய்டில் என்ன இருந்தது? செருப்புக் கடையில் கிரிக்கெட் மட்டையும் கிடைக்கும் என்பது மாதிரி.

16.12.2012

அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். கையில் இந்த ரகக் கருவி ஒன்று. பெயர் வேண்டாம், அவன் படித்தால் சண்டைக்கு வருவான். முதுகில் ஒரு முட்டுக்கால், முன்னால் காந்தத்தில் ஒட்டும் அட்டைக் கீபோர்டு. 'வை மாமா, நீயே அடித்துப் பார்' என்றான்.

வத்தல் மண்டிக்கு எடுத்துப் போனேன். என் வேலை நடக்கும் இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மண்டியில் அண்ணாச்சிக்கு மட்டும்தான் மேசை. அதிலும் தராசுச் சீட்டு, வெற்றிலைத் தட்டு, இரண்டு போன், முருகன் படம். எனக்கு ஒரு ஸ்டூல். சில நாள் ஸ்டூலும் இல்லை, சாக்கு மூட்டைதான். பழைய லேப்டாப்பை மடியில் வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

இதை மடியில் வைத்தேன். முட்டுக்காலின் விளிம்பு தொடையில் பதிந்தது. காலை ஒட்டி வைத்தால் பின்னால் சாய்ந்தது, விரித்தால் முட்டுக்கால் இடையில் இறங்கியது. தும்மல் வந்தது (வத்தல் மண்டியில் வராமல் இருக்குமா?), கருவி மூட்டைகளுக்கு நடுவே போய் விழுந்தது. உடையவில்லை. மச்சினனிடம் இன்னும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் புரிந்தது. லேப்டாப்பில் பேட்டரி, போர்டு, பாரம் எல்லாம் கீபோர்டுக்கு அடியில். திரை என்பது காகிதம் மாதிரி. இதில் எல்லாப் பாரமும் திரைக்குப் பின்னால், கீழே வெறும் அட்டை. தலைக்கனம் கூடினால் சாயத்தானே செய்யும்? சாயாமல் இருக்க முட்டுக்கால், முட்டுக்கால் நிற்கப் பின்னால் இடம். மொத்த ஆழம் என் தொடையின் நீளத்தைத் தாண்டுகிறது. இதைத் தவிர்க்கக் கீபோர்டில் பாரம் ஏற்றலாம், ஆசுஸ்காரர்கள் பேட்டரி வைத்ததுபோல. ஆனால் அப்போது மொத்த எடை சாதாரண லேப்டாப்பின் பக்கத்தில் வந்துவிடும்.

மடக்கி வைப்பதால் மடிக்கணினி என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். மடியில் வைப்பதால்தான் அந்தப் பெயர். இதை என்னவென்று கூப்பிடுவது? மேசை கண்ட இடத்தில் மட்டும் மடிக்கணினி.

19.07.2013

மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி கணக்கில் 90 கோடி டாலரை நஷ்டம் என்று எழுதிவிட்டது. 499 டாலர் கருவி இப்போது 349. கேள்வி கேட்டவர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.

20.07.2013

நேற்று ராத்திரி கொஞ்சம் ஆடிவிட்டேன். காலையில் பார்த்தால் நான் சொன்ன காரணத்தால் அது தோற்கவில்லை. மடியில் நிற்கவில்லை என்றா திருப்பி அனுப்பினார்கள்? விண்டோஸ் என்று நம்பி வாங்கினார்கள், உள்ளே அவர்கள் விண்டோஸ் இல்லை. தோற்றது கூடு இல்லை, குடியிருந்தது. இந்த வருடம் பிப்ரவரியில் வந்த சர்ஃபேஸ் புரோவில் பழைய மென்பொருள் எல்லாம் ஓடும். அதன் நோய் வேறு: 900 கிராம், சூடு, விசிறி, குறைந்த பேட்டரி. ஐஃபிக்ஸிட் தளம் அதைப் பிரித்துப் பார்த்து, பழுது பார்க்கும் வசதிக்கு 10-க்கு 1 கொடுத்தது. எல்லாம் பசை. திரையைக் கழற்றுவது அப்பளத்தை ஓட்டையில்லாமல் பிரிப்பது போலத்தான்.

இன்னொன்று. 32 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்த ஆர்டியில் நமக்கு மிஞ்சுவது பாதிதான். மீதி விண்டோஸுக்கும் ஆஃபிஸுக்கும். இதை நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை என்பது பின்னால் வரும்.

(கடைசி வரி 2016-இல் சேர்த்தது.)

08.06.2014

சர்ஃபேஸ் புரோ 3 அறிமுகத்தைப் பார்த்தேன். 12 அங்குலத் திரை, 800 கிராம், முட்டுக்கால் எந்தச் சாய்விலும் நிற்குமாம். கீபோர்டின் மேல்விளிம்பை மடித்துத் திரையில் ஒட்டிக்கொள்ளலாம், மடியில் ஆட்டம் குறையும். இந்தக் குணத்துக்கு 'லேப்பபிலிட்டி' என்று ஒரு சொல்லையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். மாடு முட்டாது என்று ஒருவன் தனியாகச் சொல்லி விற்றால் நாம் என்ன நினைப்போம்?

ஆனாலும் வத்தல் மண்டியில் நான் கண்ட குறை நிஜக் குறை என்று ஒரு கம்பெனியே ஒப்புக்கொண்டதில் சின்னத் திருப்தி.

22.02.2015

வாங்கிவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கவும்.

சர்ஃபேஸ் இல்லை, அது இன்னும் நம் ஊருக்கு வரவில்லை, வந்தாலும் நம் பைக்கு எட்டாது. இது 10 அங்குலம், இன்டெல் ஆட்டம் சில்லு, 2 ஜிபி நினைவகம், 32 ஜிபி சேமிப்பு, கூடவே கீபோர்டு. பழைய லேப்டாப்பின் கீல் உடைந்தது ஒரு காரணம். அட்டை இல்லாமல் கெட்டியான கீபோர்டு என்பதால் மடியில் உட்காரும் என்பது இன்னொன்று. கையில் எடுத்ததும் பிடித்துப்போனதுதான் உண்மைக் காரணம்.

முதல் வாரம் நன்றாகவே போனது. எண்ணெய்க் கடை அண்ணாச்சியிடம் திரையை மட்டும் கழற்றி நீட்டி, 'இந்த மாசம் கொள்முதல் இவ்வளவு, கட்ட வேண்டிய வாட் இவ்வளவு' என்று காட்டினேன். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இருபது வருடத்தில் தன் கணக்கை அவர் இவ்வளவு ஆர்வமாகப் பார்த்து நான் கண்டதில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினால் எட்டிப் பார்த்து 'சரி சரி' என்பார். கையில் கொடுத்தால் தன் சொத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. 2012-இல் நான் எழுதியதில் இல்லாத விஷயம்: கழற்றும் வசதி எனக்காக இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்காக.

குறைகள்: போன் சார்ஜர் மாதிரி மெல்லிய வாய் வழியாகத்தான் மின்சாரம் ஏறுகிறது. வேலை செய்துகொண்டே சார்ஜ் போட்டால் ஏறுகிற வேகமும் இறங்குகிற வேகமும் சமம்.

23.02.2015

டேலி பற்றிக் கேட்டவருக்கு. ஓடுகிறது. ஆனால் டேலி என்பது எஃப் விசைகளின் ராஜ்யம். எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 வந்தது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். இந்தக் குட்டிக் கீபோர்டில் அந்த வரிசைக்கு ஒலி, வெளிச்சம் என்று இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். நேற்று விற்பனைப் பதிவு போட எஃப்8 தட்டினேன், சத்தம் குறைந்தது. எஃப்9 தட்டினேன், கூடியது. கூடவே இன்னொரு விசையை அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். எண் விசைத்தொகுதியும் கிடையாது. எண்ணிலேயே பிழைக்கிறவனுக்கு எண் விசை இல்லாத கீபோர்டு, தராசு இல்லாத மண்டி.

ஒரு யுஎஸ்பி எண் பலகை வாங்கிச் சொருகியிருக்கிறேன். ஆக இப்போது மூன்று துண்டு. ஒரே கருவியில் எல்லாம் என்று சொல்லித்தானே ஆரம்பித்தோம்?

14.08.2016

32 ஜிபி பற்றி 2013-இல் நானே எழுதியது என் கண்ணிலேயே பட்டது. பெரிய அப்டேட் ஒன்று வந்தது. அதை இறக்க இடம் வேண்டும், விரிக்க இடம் வேண்டும், பழையதை ஒருபக்கம் வைத்திருக்க இடம் வேண்டும். நான் படங்களை அழித்தேன், பாட்டை அழித்தேன், கடைசியில் மகள் பிறந்தநாள் வீடியோவையும் பென்டிரைவுக்கு மாற்றினேன். போதவில்லை. தப்பு என்னுடையது, 64 ஜிபி வாங்கியிருக்க வேண்டும். மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

27.08.2017

ஜிஎஸ்டியின் முதல் 3பி, அதாவது மாத வரிக்கணக்குத் தாக்கல், முடிந்தது. கடைசி நாள் 20-ஆம் தேதி என்றது 25 ஆனது, அதனால் பிழைத்தோம்.

இந்த இழையில் ஐந்து வருடமாக மடி, கீபோர்டு, எடை என்று பேசிக்கொண்டிருந்தோம். எல்லாமே இரண்டாம்பட்சம். என்னை அறுத்தது சுண்டு விரல் அளவு டோக்கன்.

தனி ஆள் வியாபாரம் என்றால் போனுக்கு வரும் ஓடிபியில் ரிட்டர்னை முடித்துவிடலாம். கம்பெனி, எல்எல்பி என்றால் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது யுஎஸ்பி டோக்கனில் இருக்கும். அதைக் கணினி அடையாளம் காண டிரைவர் என்ற மென்பொருள், போர்ட்டலோடு பேச இன்னொரு மென்பொருள். எல்லாம் மேசைக்கணினி விண்டோஸை மனதில் வைத்துச் செய்தவை. ஐபேட், ஆண்ட்ராய்டு என்றால் வாசலிலேயே நின்றுவிடும். என் கருவி விண்டோஸ் என்பதால் உள்ளே விட்டது. ஆனால் யுஎஸ்பி வாய் இருப்பது கீபோர்டில். பருப்பு மில் முதலாளியிடம் கையெழுத்துக்கு முன் ஒருமுறை காட்டலாம் என்று பழக்கதோஷத்தில் திரையைக் கழற்றினேன். டோக்கன் கீபோர்டோடு கீழே நின்றுவிட்டது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மகனிடம் மட்டும் 'ஆடிட்டருக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுடா' என்றார்.

09.09.2017

வாங்கினேன். அவர் காசில் இல்லை. 15 அங்குலம், எண் விசையோடு, இரண்டு கிலோவுக்கு மேல். தோள் வலிக்கிறது, மனது லேசாக இருக்கிறது. பழையது வீட்டில் சமையல் குறிப்பு பார்க்கிறது.

29.03.2020

24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிப்பைக் கேட்க நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அதே 24-ஆம் தேதி ஆப்பிள் ஐபேடுக்கு மவுஸும் டிராக்பேடும் முறைப்படி வேலை செய்யும் மென்பொருளை வெளியிட்டிருக்கிறது. டிராக்பேட் வைத்த கீபோர்டும் வருகிறது. பெரிய அளவுக்கு 349 டாலர். 2012-இல் சர்ஃபேஸ் ஆர்டி முழுக் கருவியே 499 என்பதை நினைத்துக்கொள்ளவும்.

டோஸ்டர் ஃபிரிட்ஜ் என்று சொன்னவர்கள் 2015-லேயே ஐபேட் புரோவுக்குக் கீபோர்டு விற்க ஆரம்பித்தார்கள். நான் அப்போது கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். இப்போது டிராக்பேடும் வந்த பிறகு ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கடைகளில் லேப்டாப் பக்கம் பார்த்தால் பாதி தொடுதிரை, சில பின்பக்கமாக முழுவதும் மடங்குகின்றன. இரண்டையும் ஓரங்கட்டும் என்றார் கேள்வி கேட்டவர். ஓரங்கட்டவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று மாறிக்கொண்டன. இதில் அவர் ஜெயித்தாரா நான் ஜெயித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே போக முடியாது, யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

11.07.2021

மகளுக்கு ஒரு வருடத்துக்கு மேலாக ஆன்லைன் வகுப்பு. ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றும் அதற்கொரு புளூடூத் கீபோர்டும் வாங்கித் தந்தேன். கீபோர்டு ஒரு வாரம்தான் ஓடியது. அதன் பிறகு டேப்லெட் திரையில் எழுதும் பேனாவை வைத்துத்தான் எல்லாம்: கணக்கு, வேதியியல் சமன்பாடு, ஓரத்தில் பூ. பரிட்சைத்தாளைப் படம் எடுத்து அதன் மேலேயே எழுதுகிறாள். கட்டிலில் குப்புறப் படுத்து, திண்ணையில் சாய்ந்து, எப்படி வேண்டுமானாலும்.

அவள் மேசையில் நாலு லாங்சைஸ் நோட்டு பிரிக்காமல் கிடக்கிறது. டேப்லெட் லேப்டாப்போடு போட்டி போடுகிறது என்று இத்தனை நாள் நினைத்தது தப்போ என்று தோன்றுகிறது. என் வீட்டில் அது தோற்கடித்தது நோட்டை.

10.10.2021

விண்டோஸ் 11-இல் டேப்லெட் மோடு என்று தனியாக எதுவும் இல்லை. விண்டோஸ் 8 முழுத்திரைக் கட்டங்களோடு கிளம்பிய ஊர்வலம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

30.06.2024

ஸ்னாப்டிராகன் சில்லு (இன்டெல் ரகம் இல்லை, போன்களில் இருக்கும் ரகம்) வைத்த புதிய சர்ஃபேஸ் புரோ பற்றிக் கேட்கிறார்கள். ஐஃபிக்ஸிட் இதற்கு 10-க்கு 8 கொடுத்திருக்கிறது, அந்த 1-லிருந்து இவ்வளவு தூரம். கீபோர்டுக்கு இன்னும் தனிக் காசு. பன்னிரண்டு வருடமாக மாறாதது அது ஒன்றுதான்.

என் தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் பழைய விண்டோஸ் மென்பொருள் மொழிபெயர்ப்பு வழியாக ஓடும், ஆனால் டிரைவர்கள் அப்படி ஓடாது. அவற்றை இந்தச் சில்லுக்கென்றே எழுதியிருக்க வேண்டும். டோக்கனையும் பழைய பிரிண்டரையும் கையோடு கடைக்கு எடுத்துப் போய்ச் சொருகிப் பார்த்துவிட்டுக் காசை எண்ணுங்கள். அழகைப் பார்த்து வாங்கினவன் சொல்கிறேன்.

16.03.2025

தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருடத்தில் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்திருக்கிறார்கள். அக்கா மகன் அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கிறான். 'மாமா, கேட்டால் எதைச் சொல்ல?' என்றான். இந்த இழை முழுவதையும் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: 'மாமா, ஹாஸ்டலில் மேசை கிடையாது.'

மடி என்று எழுதி அனுப்பினேன். அவனுக்குப் புரிந்திருக்கும்.

05.10.2025

ஐபேடில் இப்போது ஜன்னல் ஜன்னலாகத் திறக்கலாம், மேலே மெனுப் பட்டையும் வந்துவிட்டது. மகள் காட்டினாள். 'அப்பா, இது கம்ப்யூட்டர் மாதிரியே இல்ல?' என்றாள். டோக்கன் எங்கே சொருகுவது என்று கேட்டேன். 'எப்பப் பார்த்தாலும் டோக்கன்' என்று எழுந்து போய்விட்டாள்.

06.10.2025

2015-இல் வாங்கியது கடைசியாக விடைபெற்றது. பேட்டரி உப்பித் திரையைத் தூக்கிவிட்டது, பிரிக்கத் துணியவில்லை, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டேன். கீபோர்டு மட்டும் புதுசு மாதிரி இருக்கிறது. எந்த விசையும் தேயவில்லை, எஃப்8 உட்பட. அந்த மாடலைத் தவிர வேறு எதிலும் மாட்டாது. யாரிடமாவது திரை மட்டும் உயிரோடு இருந்தால் சொல்லவும், அனுப்பி வைக்கிறேன். கொரியர் செலவு உங்களுடையது.